வல்லியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது

செண்பகவல்லிக்குக் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைத் தள்ளுவண்டியில் திருப்பி அனுப்பிய மறுநாள் விடியற்காலையில், குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் குடங்களோடு தெருவில் நின்றுகொண்டிருந்த பெண்கள்தான் அதை முதலில் கேட்டார்கள். அவள் வீட்டு மொட்டை மாடியில் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆள் இல்லை, குரல் மட்டும்தான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து தெருப்பக்கத்துக் கைப்பிடிச் சுவர்வரை வந்து, திரும்பி, மறுபடி தொட்டிவரை போய், உயிரோடு இருந்தபோது எப்படி நடந்து நடந்து படிப்பாளோ அப்படியே, பக்கத்தில் வரும்போது கூடியும் விலகிப் போகும்போது குறைந்தும் கேட்டது. பாறைகள் மூன்று வகைப்படும், அனற்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று தமிழில் ஒரு தடவை சொல்லி, அதையே இங்கிலீஷில் ஒரு தடவை சொல்லி, நடுவில் ஒரு பெயர் தடுக்கியதும் "ச்சை" என்று தன்னைத்தானே கடிந்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. அந்த "ச்சை"யைக் கேட்டதும் பெண்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

"நம்ம வல்லிதான் படிக்கா," என்றாள் எதிர்வீட்டுப் பாக்கியத்தாய். "குடத்தச் சத்தம் போடாம வைங்கட்டி."

எங்கள் முப்பிடாதி அம்மன் கோவில் தெருவில் மனசுக்குள் படிப்பது படிப்பில் சேர்த்தி இல்லை. வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிற தெரு, தறிச் சத்தத்துக்கு மேலே குரல் எழும்பினால்தான் பிள்ளை படிக்கிறது என்று பெற்றவர்கள் நம்புவார்கள், குரல் நின்றால் தறியை நிறுத்திவிட்டு "ஏல, சத்தத்தக் காணோம்?" என்று உள்ளேயிருந்து கேட்பார்கள், அதனால் எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பாடத்தில் தடுக்கி நிற்கிறது என்பது தெரு முழுவதற்கும் தெரியும். வல்லியின் குரல்தான் எல்லாவற்றிலும் உரத்தது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த பிறகு அது இன்னும் உயர்ந்து, தெருமுனை டீக்கடைவரை கேட்டது. பிறகு ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சலில், தட்டணுக்கள் குறைந்துகொண்டே போக, பப்பாளி இலைச் சாறும் பெரியாஸ்பத்திரியும் ஒன்றும் செய்ய முடியாமல், அந்தக் குரல் நின்றது. இப்போது மறுபடி கேட்டதில் தெருவுக்கு என்ன தோன்றியதென்றால், விட்ட இடத்திலிருந்து படிக்கிறாள், அவ்வளவுதான்.

அவள் அம்மா சண்முகவடிவு அப்போது தறிக்குத் தார்நூல் சுற்றுகிற ராட்டை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரலைக் கேட்டு அவள் அலறவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து, பால் காய்ச்சி, டம்ளரை மாடிக்குக் கொண்டுபோய்த் தொட்டியோரம் வைத்துவிட்டு, "ஆறிரும், குடிச்சிட்டுப் படி," என்று சொல்லி இறங்கி வந்தாள். தறிப் பட்டறை வாசலில் நின்றிருந்த அவள் புருஷன் சங்கரபாண்டியன் அவள் முகத்தையே பார்த்தான்.

"குடிச்சாளா?"

"ஆறட்டும்," என்றாள் வடிவு.

சங்கரபாண்டியன் மாடிக்குப் போகவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்து வந்த மாசங்களிலும் போகவில்லை. தன் நான்கு தறிகளில் படிக்கட்டை ஒட்டியிருந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அந்த இடைவெளி வழியாகத்தான் குரல் பட்டறைக்குள் வந்தது.

அவனுடைய அக்கா கடையநல்லூரிலிருந்து ஒரு குறிசொல்லியை அழைத்து வந்தாள். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். குரல் அப்போது நிலநடுக்க அலைகளைப் பற்றி ஒப்பித்துக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு, தாம்பாளத்திலிருந்து வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன சாமி, ஒண்ணும் சொல்லாமப் போறீய?"

"என்னத்தச் சொல்ல? படிக்கிற பிள்ளைய எந்திரின்னு சொல்லி நான் எந்தச் சாமிட்டயும் கேக்க மாட்டேன் தாயி. எனக்கும் ரெண்டு பிள்ளைக படிக்கி."

அதற்கப்புறம் தெரு தன்னை அதற்கேற்ப வைத்துக்கொண்டது. மாடியில் வற்றல் காயப்போடுகிறவர்கள் குரல் திரும்புகிற வழியை விட்டுவிட்டுக் காயப்போட்டார்கள். மாசியில் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்தவர்களிடம் குழாயை வடக்கே பார்த்துக் கட்டச் சொன்னார்கள், வடக்கே இருந்த தெருக்காரர்கள் எதற்கு என்று சண்டைக்கு வந்து, மாடியைக் காட்டியதும் பேசாமல் போனார்கள். தாமதமாகத் துக்கம் கேட்க வந்த உறவுக்காரர்கள் தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்தால், பாக்கியத்தாய் ஓடிப்போய் வாயைப் பொத்துவாள். "மெதுவா மதினி, மாடியில பிள்ள படிச்சிட்டிருக்கா."

பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். முதலில் வல்லியோடு படித்த மைமூன் மட்டும் புத்தகத்தோடு வந்து தொட்டி நிழலில் உட்கார்ந்தாள், பிறகு அவள் தம்பி, பிறகு தெருவில் நுழைவுத் தேர்வு எழுத இருந்த எல்லாரும். குரல் போகிற போக்கில் எழுதிக்கொண்டார்கள். "யக்கா, கொஞ்சம் மெதுவா," என்று யாராவது கெஞ்சினால் அது கேட்காது, ஆனால் மறுநாள் அதே பாடத்தை இன்னொரு தரம் வாசிக்கும். பஜாரில் பயிற்சி மையம் நடத்துகிற அருள்ராஜ் சார், தன் வகுப்பு காலியாகிக்கொண்டே வருவதைப் பார்த்துக் கோபத்தோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கி, படியேறி, கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "உச்சரிப்பு மோசம், பாடம் சுத்தம்," என்று சொல்லி, அடுத்த நாள் ஒரு கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குரல் சொல்லச் சொல்ல அவர் படம் வரைந்தார். ஊரில் வேறு யாருக்கும் அவர் அப்படி உதவியாளராக இருந்ததில்லை என்று மைமூன் சிரித்தாள்.

வடிவு அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். விடியலில் பால், பதினோரு மணிக்கு மோர், சாயங்காலம் சுண்டல் என்று ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆறிப்போனதை அங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் சாப்பிட்டார்கள். இறந்துபோன பெண்ணின் அம்மா என்று அவளைப் பார்க்க யாருக்கும் வழி இருக்கவில்லை, பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணின் அம்மா மாதிரியே கண்ணுக்குக் கீழே கறுத்து, எரிச்சலும் பெருமையுமாக நடமாடினாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் மனசு உறுத்தியது. பாடம் முன்னே போய்க்கொண்டிருந்தது. எந்தப் பாடத்துக்கும் ஒரு கடைசிப் பக்கம் உண்டு.

அந்தக் கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் என்ன என்பதுதான், வல்லி இருந்தபோதே, அந்த வீட்டில் சண்டையாக இருந்தது. வல்லிக்குப் பாறைகளையும் மலைகளையும் பற்றிய படிப்பு வேண்டியிருந்தது. அது வடக்கே, ரயிலில் ராத்திரிகளைக் கழித்து, அப்புறம் பஸ்ஸில் மலையேறிப் போகிற ஒரு ஊரின் பல்கலைக்கழகத்தில் இருந்தது. பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கல்லாகிவிடுமாம். வடிவுக்கு அது புரியவே இல்லை. "கல்லப் பத்திப் படிக்க அம்புட்டுத் தூரம் போணுமா? நம்ம ஊர்ல இல்லாத கல்லா?" என்று கேட்டாள். பக்கத்து ஊரில் பெண்கள் கல்லூரி இருக்கிறது, பஸ் பாஸ் உண்டு, சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், பிகாம் எடுத்தால் பாங்கில் வேலை. "நான் அங்கதான் போவேன்," என்றாள் வல்லி. "போறதா இருந்தா என் பொணத்தத் தாண்டிப் போ," என்றாள் வடிவு. எல்லா அம்மாக்களும் சொல்கிற வார்த்தைதான். சொன்ன வாரத்தில் காய்ச்சல் வந்தது. வடிவு அதை யாரிடமும் சொன்னதில்லை, சண்டையை எங்கள் தெருவே கேட்டிருந்ததால் சொல்ல வேண்டியதும் இல்லை.

தேர்வு நாள் வந்தது. அன்று விடியலில் குரல் கேட்கவில்லை. பிள்ளைகள் குளித்து, திருநீறும் சந்தனமும் பூசி, மைமூன் துஆ ஓதி, எல்லாரும் வேன் பிடித்து மாவட்டத் தலைநகருக்குப் போனார்கள். தேர்வு ஆரம்பிக்கிற நேரத்துக்கு, யாரும் யாருக்கும் சொல்லாமலேயே, தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தறி நின்ற தெருவில் ஒரு நாய் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. வடிவு மாடிப்படியின் அடியில் உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். தேர்வு முடிகிற நேரம் ஆனதும் மேலே ஒரு நீளமான பெருமூச்சு கேட்டது, எழுதி முடித்து விரலை நெட்டி முறிக்கிற சத்தமும் கேட்டதாகப் பாக்கியத்தாய் சொன்னாள். எழுதிவிட்டாள் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"ரேங்க் எப்படித் தெரியும் சார்?" என்று, மற்றப் பிள்ளைகளுக்கு முடிவு வந்த அன்று, சங்கரபாண்டியன் அருள்ராஜ் சாரைக் கேட்டான்.

"அவ சொல்லிக்குடுத்த பிள்ளைகளே பாஸாயிருக்கு. அவ ஆகமாட்டாளா, என்ன கேள்வி இது!"

தேர்வுக்குப் பிறகு குரல் பாடத்தை விட்டுவிட்டது. விடியலில் தொட்டியிலிருந்து புறப்பட்டு, கைப்பிடிச் சுவருக்கு வராமல், நேராகப் படிக்கட்டின் தலைமாட்டுக்கு வந்து நின்று, அந்த மலை ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னது. சொல்லிவிட்டுக் காத்திருந்தது. மறுபடி போய், மறுபடி வந்து, சொன்னது. மற்றப் பிள்ளைகளும் அந்த நாட்களில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று கம்ப்யூட்டர் சென்டரில் வரிசையில் நின்றார்கள், மைமூன் திருச்சியைப் போட்டாள், அவள் வாப்பா தலையில் அடித்துக்கொண்டு பிறகு சம்மதித்தார். ஆகையால் வல்லி என்ன கேட்கிறாள் என்பது எல்லாருக்கும் விளங்கியது. அம்மா படியில் உட்கார்ந்திருக்கிறாள், அவளைத் தாண்ட முடியாமல் கேட்கிறாள்.

வடிவு தாண்ட விடவில்லை. படுக்கையைக் கொண்டுவந்து படிக்கட்டின் அடியிலேயே போட்டுக்கொண்டாள். "அது வேண்டாம்ட்டி," என்று மேலே பார்த்துச் சொன்னாள். "பக்கத்துக் காலேஜ்ல பேசிட்டேன். பஸ் பாஸ் எடுத்துத்தாரேன். ஒனக்குப் பிடிச்ச நீலக் கலர்ல சுடிதார் எடுத்துத்தாரேன். ஒரு மூணு வருசம், என்னட்டி, கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள போயிரும்."

அன்று முழுக்கக் குரல் வரவில்லை. அடுத்த நாள் விடியலில் மறுபடி படிக்க ஆரம்பித்தபோது, அது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் இல்லை, பத்தாம் வகுப்பு. அதற்கு அடுத்த வாரம் எட்டாம் வகுப்பு. குரலும் பாடத்தோடு சேர்ந்து இளைத்தது. ஆறாம் வகுப்புக்கு வந்தபோது மூக்கடைத்த மாதிரி ஒரு கீச்சுத்தன்மை வந்து, வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொன்னது.

தெருப் பெண்கள் கூட்டமாக வந்து கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். "அப்பம் ரெட்டைச் சடை போட்டிருப்பா மைனி, ஒரு பக்க ரிப்பன் எப்பவும் அவுந்தே கெடக்கும்," என்று ஒருத்தி நினைவுபடுத்த, வடிவு சிரித்தாள். அவளுக்கு எங்கேயோ ஒரு பூட்டுத் திறந்த மாதிரி இருந்தது. எந்த ஊருக்கும் போகாத வல்லி, எந்த ஊரின் பெயரும் தெரியாத வல்லி, கடைக்குப் போவதற்கே கையைப் பிடித்துக்கொள்கிற வல்லி திரும்பி வந்துகொண்டிருந்தாள். பால் டம்ளரில் சர்க்கரையைக் கூட்டினாள். முறுக்கு சுட்டாள். நாளாக ஆக, குரல் நடக்கிற தூரமும் குறைந்தது. கைப்பிடிச் சுவர்வரை வந்துகொண்டிருந்தது பாதி மாடியோடு திரும்பியது, பிறகு தொட்டியையே பிடித்துப் பிடித்துச் சுற்றியது. மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு. "மழை" என்பதை "மயை" என்று சொல்கிற வல்லி. பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, அ என்றும் ஆ என்றும், ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, தொட்டியடியில் உட்கார்ந்த இடத்திலிருந்து.

அன்றைக்குத்தான் சங்கரபாண்டியன் எல்லாத் தறிகளையும் நிறுத்திவிட்டு, படியடியில் கிடந்த பாயை ஓரமாக ஒதுக்கி, முதல்தடவையாக மாடிக்கு ஏறினான். வடிவு தொட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குரல் வந்த இடத்துக்கு நேரே கையை ஆட்டி ஆட்டி, "இ... சொல்லு... ஈ..." என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு," என்றான். "பிள்ள குறைஞ்சிக்கிட்டே போகுதுல்லா."

"சின்னப் பிள்ளையா இருந்தா என்ன? நான் வளத்தவதான?"

"இதுக்கு முந்தி என்ன இருக்கு?"

அவள் கையை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"இதுக்கு முந்தி மழலை. அதுக்கு முந்தி அழுகை. அதுக்கு முந்தி என்னன்னு சொல்லு பாப்போம். அதுக்கு முந்தி ஒண்ணும் இல்லல்லா."

வடிவு அவனைத் திட்டினாள். இவ்வளவு நாள் மேலே வந்து எட்டிப் பார்க்காதவன், பிள்ளை கேட்டபோதெல்லாம் அம்மாவைக் கேள் என்று நழுவியவன், இப்போது என்னத்துக்கு வந்தான் என்று கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றான். வெயில் ஏறியது. மாடித் தரை சுட்டது, இருவரும் எழுந்திருக்கவில்லை. தொட்டியடியில் குரல் எழுத்துக்களையும் விட்டுவிட்டு, தன்பாட்டுக்கு எதையோ முனகிக்கொண்டிருந்தது, தூக்கம் வருகிற குழந்தை முனகுவது மாதிரி. வடிவு குனிந்து அதைக் கேட்டாள். கேட்கக் கேட்க அது மெலிந்தது.

"போ வல்லி," என்றாள் கடைசியில். "எங்கன போணுமோ அங்கன போ. ஒத்தையில விடமாட்டேன். நாங்க ரெண்டு பேரும் வந்து விட்டுட்டு வாரோம். கேக்குதா? சேத்துட்டு வாரோம்."

முனகல் நின்றது. அன்று பகலும் ராத்திரியும் ஒன்றும் கேட்காமல் தெருவே சாப்பிட மனமில்லாமல் கிடந்தது. மறுநாள் தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் அந்த மலை ஊரின் பெயரைக் கேட்டார்கள், பதினேழு வயசுக் குரலில், டீக்கடைவரை.

பிறகு பயணத்துக்கான வேலைகள். ஹாஸ்டலுக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் என்னென்ன வாங்குவார்களோ அதெல்லாம் வாங்கினார்கள். சிவப்பு வாளி, மக், பாய், பருப்புப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய். "ரெண்டு பூட்டு வாங்கு மைனி, ஒண்ணு கட்டாயம் தொலையும்," என்றாள் மைமூனின் உம்மா. எங்கள் ஊரில் கம்பளிச் சட்டை விற்கிற கடை இல்லை, பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் தன்னுடையதைக் கொடுத்தார், அது வல்லியைப் போல இரண்டு பேர் நுழைகிற அளவுக்கு இருந்தது. வாளியில் அருள்ராஜ் சார் வெள்ளைப் பெயின்டால் செண்பகவல்லி என்று எழுதி, ஊர்ப் பெயரையும் சேர்த்தார். யாரும் இதெல்லாம் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வடிவு அந்த இடத்திலேயே விழுந்திருப்பாள் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

புறப்படுகிற காலையில் தெரு முழுக்கக் கீழே நின்றது. மாடியை விட்டு அந்தக் குரல் ஒருநாளும் இறங்கியதில்லை. வடிவு பையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள், பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு சங்கரபாண்டியன், அவனுக்குப் பின்னால், படி படியாக, எதையோ ஒப்பித்துக்கொண்டே அது. நாங்கள் விலகி வழிவிட்டோம். தன்னைத் தாண்டிப் போனபோது முகத்தில் காற்றுகூடப் படவில்லை, ஆனால் நெல்லிக்காய் எண்ணெய் வாசம் வந்தது என்று பாக்கியத்தாய் சொன்னாள். பாக்கியத்தாய் அப்படித்தான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள், அன்றைக்கு அதை நாங்கள் நம்பினோம்.

இதற்கு மேல் நடந்தவை அவர்கள் திரும்பி வந்து சொன்னவையும், சொல்லாமல் விட்ட இடங்களில் நாங்கள் சேர்த்துக்கொண்டவையும்.

பஸ்ஸில் ஆள் இல்லாத ஜன்னலோர இருக்கையிலிருந்து பாடம் ஒலித்துக்கொண்டிருக்க, கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தான். வடிவு மூன்று கேட்டாள்.

"படிக்கிற பிள்ளைக்கு என்னக்கா டிக்கெட்டு? சும்மா வரட்டும்."

"இல்ல, போடுங்க. அவளுக்கும் ஒண்ணு போடுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டான்.

ரயிலில் வல்லி படிக்கவில்லை. வெளியே வருகிற ஸ்டேஷன்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தாள். முதல் நாள் வடிவும் கூடவே வாசித்தாள். பிறகு பெயர்ப்பலகைகளில் தமிழ் இல்லாமல் போனது. தனக்கு எழுத்து தீர்ந்துபோன ஊர்களை மகள் வாசித்துச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் வடிவு "ம்" போட்டாள், சின்னப் பிள்ளையில் வல்லி கதைக்கு "ம்" போட்டது போல. எதிர் இருக்கையில் இருந்த ஒரு சர்தார் குடும்பம், அந்தப் பெண் குரலுக்குக் கீழ்ப் படுக்கையை விட்டுக்கொடுத்துவிட்டு மேலே ஏறிப் படுத்தது. இடையிடையே வெளியே மொட்டைக் குன்றுகள் வந்தால், குரல் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு "அனற்பாறை" என்றது, சந்தோஷமாக.

மலை ஊரில் குளிர் எலும்புக்குள் போனது. விடுதிக் காப்பாளர் சால்வை போர்த்திய ஒரு பெரிய அம்மாள். அவருக்குத் தமிழ் தெரியாது, சேலத்திலிருந்து வந்து படிக்கிற ராகினி என்ற பெண்ணைக் கூப்பிட்டார். குரல் அலுவலக அறையின் மூலையில் நின்று தன் பெயரையும் ஊரையும் சொன்னது. காப்பாளர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, ராகினியிடம் ஏதோ சொன்னார்.

"மேடம் சொல்றாங்க, இவங்களுக்கெல்லாம் மொட்டை மாடிதானாம். அங்க ஏற்கெனவே கொஞ்சம் பேர் இருக்காங்களாம்மா. ஆனா இடம் இருக்காம், ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்க மாட்டாங்களாம்."

"கொஞ்சம் பேருன்னா?" என்றான் சங்கரபாண்டியன்.

"வருஷா வருஷம் இந்த சீசன்ல வருவாங்களாம்."

அவர்கள் ஏறிப்போய்ப் பார்த்தார்கள். தூரத்தில் வெள்ளையாக மலைகள், மாடியில் யாரும் இல்லை, ஆனால் மாடி முழுக்க நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி மலையாளம் மாதிரி ஒன்றில், ஒருத்தி தெலுங்கு மாதிரி ஒன்றில், மற்றவர்கள் இன்னதென்றே தெரியாத மொழிகளில், சுவர்வரை வந்து திரும்பி, தொட்டிவரை போய்த் திரும்பி, ஒருத்தி தடுக்கித் தன்னைக் கடிந்துகொண்டு, ஒருத்தி வேகமாக, ஒருத்தி அழுகிற மாதிரி, எல்லாரும் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிச் சுவரோரம் வாளிகள் வரிசையாக இருந்தன. நீலம், பச்சை, மஞ்சள், வெளிறிப்போனவை, பிடி உடைந்தவை, போன பனியில் விரிசல் விட்டவை, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எழுத்தில் ஒரு பெயர், ஒவ்வொன்றையும் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்த யாரோ எழுதியது. வடிவு வரிசையின் கடைசிக்குப் போய், சிவப்பு வாளியை, பெயர் வெளியே தெரியும்படி திருப்பி, வைத்தாள். இரண்டு பூட்டையும் அதற்குள் போட்டாள். கம்பளிச் சட்டையை மடித்து மேலே வைத்தாள்.

வல்லி அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். புதிய பாடம். தமிழில் ஒரு தடவை சொல்லாமல், நேராக இங்கிலீஷிலேயே போனது.

"என்ன படிக்காம்மா?" என்று வடிவு ராகினியைக் கேட்டாள்.

ராகினி காதைக் கொடுத்துக் கேட்டாள். "எனக்கும் புரியலம்மா. நான் அக்கவுண்டன்சி. இது ஏதோ பெரிய படிப்பு."

"பெரிய படிப்பா," என்றாள் வடிவு.

சங்கரபாண்டியன், "வல்லி, நாங்க கெளம்புதோம்," என்றான். குரல் நிற்கவில்லை. சுவர்வரை வந்தது, அவர்களுக்கு ஒரு கை தூரத்தில் திரும்பியது, தொட்டியைப் பார்த்துப் போனது. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தார்கள். அடுத்த சுற்றில் மற்றக் குரல்களோடு கலந்து, எது அவளுடையது என்று பிரித்தெடுக்க வடிவுக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்கடுத்த சுற்றில் முடியவில்லை.

திரும்பி வருகிற ரயிலில் கை காலியாக இருந்தது. வடிவு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். எதிரே ஈரோட்டுக்காரத் தம்பதி ஒன்று உட்கார்ந்திருந்தது, அவர்கள் பையும் காலியாகத் தொய்ந்து கிடந்தது. ரயில் சமவெளிக்கு இறங்கிய பிறகு அந்தப் பெண்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"புள்ளையச் சேத்திப்போட்டு வர்றீங்களாங்க்கா? நாங்களும் பையனைச் சேத்திப்போட்டுத்தான் வர்றமுங்க. நேத்து பூரா எனக்கு அழுகைதான், இவரு திட்டிக்கிட்டே வர்றாரு. உங்க புள்ள என்னங்க படிக்குது?"

"கல்லு," என்றாள் வடிவு. பிறகு திருத்திக்கொண்டு, "மலையெல்லாம் எப்படி உண்டாச்சுன்னு. பெரிய படிப்பு."

"சாப்பாடு எப்படிங்க இருக்குது அங்க?"

"உறைப்பே இல்லை. ஊறுகா குடுத்துட்டு வந்திருக்கேன்."

"போன் பண்ணுச்சுங்களா?"

சங்கரபாண்டியன் ஜன்னலிலிருந்து திரும்பினான்.

வடிவு மடியிலிருந்த செல்போனை எடுத்துத் திரையைத் தேய்த்துப் பார்த்தாள். "இன்னும் இல்ல. மொத வாரம் அப்படித்தான் இருக்கும்னு சொல்லுதாங்க. புது இடம்லா. பழகணும்லா." மறுபடி பார்த்தாள். "இதுல சார்ஜ் வேற கம்மியா இருக்கு. கூப்பிடுத நேரம் பாத்து நின்னு போச்சுன்னா."

சங்கரபாண்டியன் எழுந்து, மேலே இருந்த பையை இறக்கி, அடியில் கையை விட்டுத் துழாவி, சார்ஜரை எடுத்து அவளிடம் கொடுத்தான்.